ஈலாமியர் வணங்கிய தெய்வங்கள்: ஒரு மாணவியின் கேள்விக்குத் தாமதமான பதில்



சில மாதங்களுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நான் ஒரு தவறு செய்தேன். அந்தத் தவற்றைப் பற்றியும், அதனைத் திருத்திக்கொள்வதற்காக நான் படித்தறிந்த செய்திகளைப் பற்றியும் இப்பதிவில் எழுதுகிறேன். பதிவு சற்று நீளமானது. பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறேன்.

அன்று பாடம் முடியப் பத்து நிமிடங்கள் மீதமிருந்தன. முதல் நாள் இரவு புலனக் குழு ஒன்றில் வந்த செய்தி என் மனத்தில் நின்றிருந்தது. பாரசீக வளைகுடாவை அடுத்து 'ஈலாம்' என்றொரு பழைய நாடு இருந்ததாம், ஈலாம் என்பது ஈழமேயாம், அம்மக்கள் தமிழர்களாம், அவர்கள் வணங்கியவை நம் தெய்வங்களாம். மாணவர்களுக்குத் தமிழின்மீது பெருமிதம் உண்டாகட்டும் என்று எண்ணி, அச்செய்தியை அப்படியே வகுப்பில் சொல்லிவிட்டேன். மாணவர்கள் கைதட்டினர். பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி மட்டும் கையை உயர்த்தி, "ஐயா, அவங்க கும்பிட்ட சாமிக்குப் பேர் என்னங்க ஐயா?" என்று கேட்டாள்.

எனக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்மா" என்றேன். மணியும் அடித்துவிட்டது. அந்த 'நாளை' வருவதற்குப் பள்ளி விடுமுறை ஒன்று முழுவதும் தேவைப்பட்டது.

ஈலாம் எங்கே இருந்தது?

இன்றைய ஈரான் நாட்டின் தென்மேற்குப் பகுதியே பழைய ஈலாம். அது இரண்டு நிலங்களால் ஆனது. ஒன்று, குசெஸ்தான் சமவெளி. அங்கே சூசா என்னும் நகரம் ஏறத்தாழ கி.மு. 4200இல் தோன்றியது. மற்றொன்று, கிழக்கே இருந்த ஃபார்ஸ் மலைநாடு. அங்கே அன்ஷான் என்னும் நகரம் இருந்தது. ஈலாமிய மன்னர்கள் பலர் தங்களை 'அன்ஷானுக்கும் சூசாவுக்கும் அரசன்' என்றே அழைத்துக்கொண்டனர். மலையும் சமவெளியும் ஓர் அரசின்கீழ் இணைந்திருந்ததை அப்பட்டமே காட்டுகிறது. இவ்விரு நிலங்களின் தெய்வங்களும் எவ்வாறு இணைந்தன என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'ஈலாம்' என்பது அம்மக்கள் தம் நாட்டுக்கு இட்ட பெயர் அன்று. அண்டை நாட்டினரான அக்காடியர் அந்நாட்டை 'எலாம்து' என்றனர். எபிரேய வேதநூலில் அது 'ஏலாம்' ஆயிற்று. அங்கிருந்தே அப்பெயர் இன்றைய மொழிகளுக்கு வந்தது. அம்மக்களோ தம் நாட்டை 'ஹதம்தி' என்று வழங்கினர். ஆகவே, அயலார் இட்ட பெயரை 'ஈழம்' என்னும் நம் சொல்லோடு ஒலி ஒற்றுமை கண்டு இணைப்பது பொருந்தாது. இதனைப் படித்த அன்றே, வகுப்பில் நான் சொன்னது தவறு என்பது எனக்கு விளங்கிவிட்டது.

தெய்வங்களின் பெயர்கள்

ஈலாமிய மொழியில் 'நாப்' என்றால் தெய்வம். 'ரிஷா' என்பது பெருமையைக் குறிக்கும் சொல். 'நாப்பிரிஷா' என்றால் பெருந்தெய்வம் என்று பொருள். இவர் மலைநாட்டின் முதன்மைத் தெய்வம். 'கிரிரிஷா' என்றால் பெருந்தேவி. இத்தேவிக்கு வளைகுடாக் கரையில், இன்றைய புஷேர் நகருக்கு அருகே இருந்த லியான் என்னும் ஊரில் பெருங்கோயில் இருந்தது. 'பெரிய சாமி', 'பெரியம்மன்' என்று நாம் வழங்குவதைப் போன்ற எளிய பெயர்களே இவை.

சூசா நகரின் காவல் தெய்வம் இன்ஷுஷினாக். 'சூசாவின் தலைவன்' என்று பொருள்படும் சுமேரியத் தொடரிலிருந்து பிறந்த பெயர் இது. நஹ்ஹுந்தே என்பவர் கதிரவன். பினிகிர் என்பவர் மிகப் பழைய பெண்தெய்வம். பிற்காலத்தில் இத்தேவியின் வழிபாடு ஹுர்ரியர், ஹிட்டைட்டியர் நாடுகள்வரை பரவியது. ஹும்பான் என்பவர் அரசர்களுக்கு ஆட்சியுரிமை அளிக்கும் தெய்வம். ஹும்பான் நுமேனா, ஷுத்ருக் நஹ்ஹுந்தே, ஷில்ஹாக் இன்ஷுஷினாக் என்று மன்னர்களின் பெயர்களிலேயே தெய்வங்களின் பெயர்கள் அமைந்திருப்பதைக் காணலாம்.

இத்தெய்வங்களை ஒருசேரக் காட்டும் மிகப் பழைய ஆவணம் ஓர் உடன்படிக்கை ஆகும். ஏறத்தாழ கி.மு. 2250இல் அக்காடியப் பேரரசன் நராம் சின்னுடன் ஈலாமிய அரசன் ஒருவன் செய்துகொண்ட உடன்படிக்கை அது. களிமண் பலகையில் ஆப்பெழுத்தில் எழுதப்பட்டு, சூசாவில் கிடைத்தது. நாமறிந்த ஈலாமிய மொழி எழுத்தாவணங்களில் மிகத் தொன்மையானவற்றுள் இதுவும் ஒன்று. அதன் தொடக்கத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட தெய்வங்கள் சாட்சிக்கு அழைக்கப்படுகின்றன. முதலாவதாக அழைக்கப்படுபவர் பினிகிர் தேவியே. இரு மன்னர்கள் கொடுத்த வாக்கிற்குத் தெய்வங்கள் சாட்சி நிற்கின்றன.

வாக்கைக் காக்கும் இக்கருத்து மன்னர்களோடு நிற்கவில்லை. ஈலாமியரிடம் 'கிதின்' என்றொரு கருத்து இருந்தது. தெய்வம் அளிக்கும் காப்பையும் அதன் ஆணையையும் ஒருசேரக் குறிக்கும் சொல் இது. சூசாவில் கிடைத்த நில விற்பனை, கடன், வாரிசுரிமைப் பத்திரங்களில், ஒப்பந்தத்தை மீறுபவன் இன்ஷுஷினாக்கின் கிதினை மீறியவன் ஆகிறான் என்று எழுதப்பட்டுள்ளது. அத்தகையவனுக்குத் தெய்வக் காப்பு இல்லை, கடுந்தண்டனையும் உண்டு. கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யும் வழக்கத்தை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

சோகா சன்பில் படிக்கோபுரம்

ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன்பு உந்தாஷ் நாப்பிரிஷா என்னும் மன்னன் சூசாவுக்குத் தென்கிழக்கே ஒரு புதிய திருநகரை எழுப்பினான். அதன் இன்றைய பெயர் சோகா சன்பில். அதன் நடுவே செங்கல்லால் ஆன ஒரு படிக்கோபுரம் நிற்கிறது. மெசொப்பொத்தேமியாவில் இவ்வகைக் கோபுரங்களைச் 'சிகுராட்' என்பர். இதன் அடித்தளம் ஒவ்வொரு பக்கமும் 105 மீட்டர் நீளமுடையது. ஐந்து நிலைகளாக எழுந்த இதன் பழைய உயரம் ஏறத்தாழ 53 மீட்டர் என்று கணிக்கின்றனர். இன்று எஞ்சியிருப்பது 25 மீட்டர் அளவே.

1951 முதல் 1962 வரை ரோமான் கிர்ஷ்மான் என்னும் தொல்லியலாளர் இங்கே அகழாய்வு செய்தார். மெசொப்பொத்தேமியக் கோபுரங்களில் ஒரு மேடையின்மேல் மற்றொரு மேடை அடுக்கப்படும். இங்கோ ஒவ்வொரு நிலையும் தரையிலிருந்தே எழுப்பப்பட்டு, ஒன்றனுள் ஒன்று அமைந்திருந்தது. மாணவர்களுக்கு விளக்க வேண்டுமானால், வெவ்வேறு உயரமுள்ள பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக நிறுத்தியது போன்றது எனலாம்.

இக்கோபுரம் இன்ஷுஷினாக்குக்கும் நாப்பிரிஷாவுக்கும் உரியது. சமவெளியின் தெய்வமும் மலைநாட்டின் தெய்வமும் ஒரே கோபுரத்தில் வீற்றிருந்தனர். இரு நிலத்து மக்களையும் ஒன்றிணைக்க மன்னன் மேற்கொண்ட வழி இது என்று அறிஞர் கருதுவர். கோபுரத்தைச் சுற்றிக் கிரிரிஷா, பினிகிர் முதலிய தெய்வங்களுக்கும், அதாத், நபூ போன்ற மெசொப்பொத்தேமியத் தெய்வங்களுக்கும் தனித்தனிக் கோயில்கள் இருந்தன. அயலாரின் தெய்வத்தைத் தம் ஊரில் குடியேற்ற அம்மக்கள் தயங்கவில்லை. சுவரின் குறிப்பிட்ட செங்கல் வரிசைகளில் மன்னனின் பெயரும், அவன் எத்தெய்வத்துக்கு அதனைக் கட்டினான் என்பதும் பொறிக்கப்பட்டுள்ளன. 1979ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஈரானிலிருந்து முதன்முதலாக அப்பட்டியலில் இடம்பெற்ற மூன்று இடங்களுள் இதுவும் ஒன்று.

இம்மன்னனின் அரசி நாப்பிர் அசு. அவளுடைய உலோகச் சிலை சூசாவில் கிடைத்தது. இன்று பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. தலையும் இடக்கையும் இல்லாத நிலையிலும் அதன் எடை 1,750 கிலோகிராம். சிலையின் பாவாடை விளிம்பில், இதனைச் சிதைப்பவனையும் பெயரை அழிப்பவனையும் நாப்பிரிஷா, கிரிரிஷா, இன்ஷுஷினாக் ஆகியோர் தண்டிக்கட்டும் என்ற பொருளில் ஒரு சாபம் பொறிக்கப்பட்டுள்ளது.

இறந்தோரும் நீதியும்

இன்ஷுஷினாக்குக்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. இறந்தோருக்கு நீதி வழங்குபவர் அவரே. சூசாவின் கல்லறை ஒன்றில் சில சிறிய களிமண் பலகைகள் கிடைத்தன. இறந்தவர் மேற்கொள்ளும் பயணத்தை அவை கூறுகின்றன. இஷ்மெகராப், லகமால் என்னும் இரு தெய்வங்கள் முன்னே செல்கின்றனர். இறந்தவர் நீதித் தெய்வத்தின்முன் கொண்டுசெல்லப்படுகிறார். இஷ்மெகராப் என்னும் அக்காடியப் பெயருக்கு 'வேண்டுதலைக் கேட்டவர்' என்று பொருள். லகமால் என்றால் 'இரக்கம் காட்டாதவர்'. ஒரு பக்கம் இரக்கம், மறு பக்கம் கண்டிப்பு; இவ்விரண்டுக்கும் இடையே நடந்து சென்றே மனிதன் தீர்ப்புப் பெற வேண்டும் என்று அம்மக்கள் நம்பினர் போலும்.

சூசா மக்களில் பலர் தம் உறவினரை வீட்டுத் தரையின் கீழேயே அடக்கம் செய்தனர். சில கல்லறைகளில் இறந்தவரின் முகத்தைப் போலக் களிமண்ணில் செய்து வண்ணம் தீட்டிய தலைகள் வைக்கப்பட்டிருந்தன. சோகா சன்பிலின் அரண்மனைக் கல்லறைகளிலோ எரியூட்டப்பட்ட எலும்புகள் கிடைத்துள்ளன. ஒரே நாட்டில் இரு வழக்கங்களும் இருந்தன என்பது தெளிவு.

சோலையும் நீரும் கதிரவனும்

கோயில் கட்டடங்களைப் போலவே சோலைகளும் ஈலாமியருக்குப் புனிதமானவை. ஷில்ஹாக் இன்ஷுஷினாக் என்னும் மன்னன் (கி.மு. 12ஆம் நூற்றாண்டு) தான் புதுப்பித்த 'சோலைக் கோயில்களை' ஊர் ஊராகப் பட்டியலிட்டுக் கல்வெட்டு வெட்டியிருக்கிறான்.

அம்மன்னன் செய்வித்த ஒரு வெண்கலப் படைப்பு இன்று லூவரில் உள்ளது. 'கதிரவன் உதயம்' என்பது அதன் பெயர். ஏறத்தாழ 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள ஒரு தட்டின்மீது படிமேடைகள், மரங்கள், நீர்த்தொட்டிகள் அமைந்துள்ளன. நடுவே ஆடையற்ற இருவர் எதிரெதிரே குந்தியிருக்கின்றனர். ஒருவர் கைகளை நீட்ட, மற்றவர் நீர் வார்க்கிறார். விடியலில் நிகழ்ந்த வழிபாடு ஒன்று அப்படியே வெண்கலத்தில் உறைந்துவிட்டது. இப்படத்தை இணையத்தில் தேடி மாணவர்களுக்குக் காட்டுமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஃபார்ஸ் மலைநாட்டில் குராங்குன் என்னுமிடத்தில் ஒரு பாறைச் சிற்பம் உண்டு. சுருண்ட பாம்பே அங்கே தெய்வத்தின் அரியணை. தெய்வத்தின் கையிலுள்ள கலத்திலிருந்து நீர் பெருகி, வணங்கி நிற்போரை அடைகிறது. பாம்பும் நீரும் ஈலாமியக் கலையில் திரும்பத் திரும்ப வருகின்றன.

சிறைப்பட்ட தெய்வங்கள்

அக்காலப் போர்களில் தெய்வங்களும் சிறைப்பட்டனர். கி.மு. 12ஆம் நூற்றாண்டில் ஷுத்ருக் நஹ்ஹுந்தே பாபிலோனிய நகரங்களைச் சூறையாடினான். நராம் சின்னின் வெற்றித் தூணைச் சூசாவுக்குக் கொண்டுவந்து, அதிலிருந்த பழைய எழுத்தை அழிக்காமல், இன்ஷுஷினாக்குக்குக் காணிக்கையாக்கியதாகப் பக்கத்தில் எழுதுவித்தான். புகழ்பெற்ற ஹம்முராபியின் சட்டத் தூணும் இவ்வாறே சூசாவை அடைந்தது. 1901-1902இல் பிரெஞ்சு அகழாய்வுக் குழு அதனைச் சூசாவில்தான் கண்டெடுத்தது. ஷுத்ருக்கின் மகன் குத்திர் நஹ்ஹுந்தே பாபிலோனின் மர்துக் தெய்வச் சிலையையே எடுத்துச் சென்றான். பின்னர் முதலாம் நெபுகத்நேசர் அதனை மீட்டான்.

ஐந்நூறு ஆண்டுகள் கழித்து ஈலாமின் முறை வந்தது. ஏறத்தாழ கி.மு. 646இல் அசீரிய மன்னன் அசுர்பனிபால் சூசாவை அழித்தான். அவன் செய்தவற்றை அவனே பெருமையுடன் எழுதிவைத்திருக்கிறான். சூசாவின் கோபுரத்தை இடித்தான். அதன் உச்சியிலிருந்த செம்புக் கொம்புகளைப் பிடுங்கினான். அயலார் எவரும் நுழையாத புனிதச் சோலைகளைத் தீயிட்டான். மன்னர்களின் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை எடுத்துச் சென்றான். இன்ஷுஷினாக் உள்ளிட்ட தெய்வங்களை வரிசையாகச் சொல்லி, அவர்களையெல்லாம் அசீரியாவுக்குக் கொண்டுபோனதாகக் கூறுகிறான். ஊருக் நகரத்து நனாயா தேவியின் சிலை 1,635 ஆண்டுகள் ஈலாமில் இருந்ததென்றும், தானே அதை மீட்டுத் தந்ததாகவும் அவனது கல்வெட்டு ஒன்று சொல்கிறது.

ஆயினும் ஈலாமியத் தெய்வங்கள் அத்துடன் மறையவில்லை. பாரசீகத் தலைநகர் பெர்சப்பொலிசில் 1933இல் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. அவை கி.மு. 509 முதல் 493 வரையிலான அரண்மனைக் கணக்குகள். பெரும்பாலானவை ஈலாமிய மொழியில் எழுதப்பட்டவை. எந்தத் தெய்வத்தின் வழிபாட்டுக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு திராட்சை மது என்று அதிகாரிகள் கணக்கெழுதியிருக்கின்றனர். பாரசீகரின் அகுரமஸ்தாவுக்கு வழங்கியதைவிட ஹும்பானுக்கு வழங்கியதே மிகுதி என்பதை அக்கணக்குகள் காட்டுகின்றன. அசுர்பனிபால் அழித்துவிட்டதாக எண்ணிய வழிபாடு, 150 ஆண்டுகள் கடந்தும் பாரசீக அரசின் செலவிலேயே நடந்துகொண்டிருந்தது.

தமிழோடு தொடர்பு உண்டா?

புலனச் செய்திக்கு அடிப்படையே இல்லை என்றும் சொல்ல இயலாது. 1856இல் கால்டுவெல் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலில், பெஹிஸ்தூன் பாறைக் கல்வெட்டின் இரண்டாம் மொழியைத் திராவிடத்தோடு ஒப்பிட்டார். அம்மொழியே இன்று ஈலாமியம் என அறியப்படுவது. 1974இல் டேவிட் மக்ஆல்பின் என்னும் அமெரிக்க அறிஞர் ஈலாமியமும் திராவிடமும் ஒரு தாய்மொழியிலிருந்து பிறந்தவை என்னும் கருதுகோளை முன்வைத்து, 1981இல் அதனை விரிவான நூலாக்கினார்.

தமிழாசிரியர்கள் சுவைக்கத்தக்க ஓர் எடுத்துக்காட்டு: ஈலாமியத்தில் 'சுங்கி' என்றால் அரசன். 'சுங்கிக்' என்றால் 'அரசனாகிய நான்'. 'சுங்கிப்' என்றால் அரசர்கள். பெயர்ச்சொல்லே இடத்தைக் காட்டும் ஈறு பெறுகிறது. நம் மொழியில் 'அடியேன்', 'அடியோம்' என்பன போன்றது இது. இத்தகைய ஒப்புமைகள் ஆய்வாளரை ஈர்ப்பதில் வியப்பில்லை.

ஆனால், அமைப்பில் காணும் ஒப்புமை மட்டும் உறவை மெய்ப்பிக்கப் போதாது. மலாய், துருக்கி முதலிய மொழிகளிலும் ஒட்டுகள் உண்டு. அவற்றை நாம் தமிழ் என்பதில்லை. ஜார்ஜி ஸ்தாரோஸ்தின் 2002இல் மக்ஆல்பினின் சான்றுகளை ஆராய்ந்து மறுப்புரைத்தார். இன்றும் பெரும்பான்மையான மொழியியலாளர் ஈலாமியத்தை உறவு நிறுவப்படாத தனிமொழி என்றே வகைப்படுத்துகின்றனர். இது மெய்ப்பிக்கப்படாத கருதுகோள். இதற்குமேல் சொல்ல நமக்கு உரிமையில்லை. அக்கருதுகோளே நாளை உறுதியானாலும், நாப்பிரிஷாவும் இன்ஷுஷினாக்கும் நம் தெய்வங்களாகிவிடமாட்டார்கள்.

வகுப்பறைக்குத் திரும்பினேன்

விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் அதே வகுப்பில் நின்று, "அன்று நான் சொன்னது தவறு" என்று தொடங்கினேன். வகுப்பு அமைதியானது. ஆசிரியர் தம் தவற்றை ஒப்புக்கொள்வதை அவர்கள் அடிக்கடி பார்த்ததில்லை போலும். கரும்பலகையில் 'இன்ஷுஷினாக்' என்று எழுதினேன். நாவில் புரளாத அப்பெயரைச் சொல்லிப் பார்த்து மாணவர்கள் சிரித்தனர்.

அவ்வாரமே தந்தையார் ஒருவர் பள்ளி வாயிலில் என்னைச் சந்தித்தார். "நல்லதைத்தானே சொன்னீங்க ஐயா. அதை ஏன் மறுபடியும் மாத்துறீங்க? பிள்ளைங்களுக்கு நம்ம இனத்துமேல பெருமை வந்தா நல்லதுதானே?" என்றார். அவருடைய ஆதங்கம் எனக்குப் புரிந்தது. இந்நாட்டில் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரின் மனத்தில் எத்தனை கேள்விகள் உண்டு என்பதை நான் அறிவேன்.

அவரிடம் நான் சொன்னது இதுதான்: "ஐயா, உங்கள் மகன் இரண்டு ஆண்டுகளில் இடைநிலைப்பள்ளிக்குப் போவான். அங்கே பல இன மாணவர்கள்முன் இதைச் சொல்லி, அது தவறென்று யாராவது காட்டிவிட்டால் என்ன நேரும்? சங்க இலக்கியத்தின் தொன்மையைப் பற்றி நான் சொன்ன உண்மைகளையும் அவன் சந்தேகிப்பான். ஒரு பொய்க்காக நூறு உண்மைகளை இழக்க வேண்டுமா?" அவர் உடனே உடன்பட்டார் என்று சொல்லமாட்டேன். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அந்தச் சாமி பேரை மகன் வீட்டுல சொல்லிக்கிட்டே இருக்கான்" என்று சிரித்தவாறு விடைபெற்றார்.

அந்த மாணவி பெயரைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு மீண்டும் கையை உயர்த்தினாள். "இப்ப யாருமே அந்தச் சாமியைக் கும்பிடலையாங்க ஐயா?"

"இல்லம்மா. யாரும் இல்ல" என்றேன். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.

சோகா சன்பிலின் செங்கல் தளத்தில் ஒரு சிறு காலடிச் சுவடு பதிந்திருக்கிறது. செங்கல் ஈரமாக இருந்தபோது ஒரு குழந்தை மிதித்த சுவடு என்று சொல்கிறார்கள். அதன் படத்தைத் திரையில் காட்டினேன். மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்துவந்து, திரையருகே நின்று, தங்கள் காலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சென்றனர்.